வெள்ளிக்கிழமை 50 கோடி

வாசகர் கேள்விகள்: பொருளாதாரப் பக்கம்

ரிசர்வ் வங்கியின் 19-வது கவர்னர் சி. ரங்கராஜனைப் பற்றிச் சென்ற இதழில் அரைப்பக்கக் குறிப்பு ஒன்று வந்தது. 1992 டிசம்பர் 22 முதல் 1997 நவம்பர் வரை அந்தப் பதவியில் இருந்தவர். அதற்கு முன் பொருளாதாரப் பேராசிரியர், பின்னாளில் வறுமைக்கோட்டை அளந்த குழுவின் தலைவர் என்று அதில் எழுதியிருந்தோம். மும்பை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

வறுமையை அளந்தவரும், ரிசர்வ் வங்கியில் உட்கார்ந்து பணத்தை இறுக்கிப் பிடித்தவரும் ஒரே ஆளா? ஒன்றுக்கொன்று ஒட்டவில்லையே!
*(செம்பூர் வாசகி)*

ஒரே ஆள்தான் அம்மா. 1932-இல் பிறந்தவர். 1964-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். பிறகு அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் நெடுங்காலம் ஆசிரியர். விவசாயம் ஒரு சதவீதம் கூடுதலாக வளர்ந்தால் தொழில்துறை சுமார் அரை சதவீதமும் நாட்டு வருமானம் 0.7 சதவீதமும் கூடும் என்று கணக்கிட்ட அவருடைய ஆய்வு 1982-இல் வெளியானது. அதே ஆண்டில்தான் ரிசர்வ் வங்கியின் துணை கவர்னரானார். வயலையும் ஆலையையும் இணைத்துக் கணக்குப் போட்டவர் ரூபாய் நோட்டு பக்கம் வந்த கதை இதுதான்.

ஒட்டாததுபோலத் தெரிவதற்குக் காரணம், பணவீக்கத்தைப் பணக்காரர் பிரச்சினை என்று நாம் நினைப்பது. நிலமும் நகையும் வைத்திருப்பவருக்கு விலை ஏறினால் சொத்தும் ஏறும். தினக்கூலிக்காரரிடம் இருப்பது கையிலுள்ள நோட்டு மட்டுமே. அரிசி விலை வாராவாரம் ஏறும். கூலி வருஷத்துக்கு ஒருமுறை ஏறினால் பெரிது. அவர் கையிலுள்ள நோட்டின் மதிப்பைக் காப்பதும் வறுமை ஒழிப்பில் சேர்ந்ததே. பணக்கொள்கையை ஆராய்ந்து 1985-இல் அறிக்கை கொடுத்த சுகமய் சக்ரவர்த்தி குழுவில் ரங்கராஜன் உறுப்பினர். சக்ரவர்த்தி ஐந்தாண்டுத் திட்டங்களோடு வாழ்ந்த பொருளாதார அறிஞர். அந்தக் குழுதான் விலைவாசி ஏற்றம் சராசரியாக ஆண்டுக்கு 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. இன்று ரிசர்வ் வங்கிக்குச் சட்டப்படி வைத்திருக்கும் இலக்கும் அதே 4 சதவீதம்.

'அட்ஹாக் ட்ரெஷரி பில்லை ஒழித்தவர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பேங்க்கில் 30 வருஷம் வேலை பார்த்த எனக்கே அது சரியாகப் புரியவில்லை. விளக்கமாகச் சொல்லுங்கள்.
*(மாட்டுங்கா வாசகர்)*

கேட்டதற்கு நன்றி ஐயா. அவர் செய்ததிலேயே பெரியது இதுதான், வெளியே பேசப்படாததும் இதுதான்.

மத்திய அரசின் கணக்கு ரிசர்வ் வங்கியில் இருக்கிறது. 1955-இல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். அந்தக் கணக்கில் வெள்ளிக்கிழமைகளில் 50 கோடி ரூபாயும் மற்ற நாட்களில் 4 கோடி ரூபாயும் குறைந்தபட்சம் இருக்க வேண்டும். சம்பளம், மானியம், ராணுவச் செலவு என்று பணம் போய் இருப்பு அதற்குக் கீழே இறங்கினால், 91 நாளில் திருப்பித் தருவதாக அரசு எழுதித் தரும் கடன் சீட்டு ஒன்று ரிசர்வ் வங்கியின் பெயருக்குத் தானாகவே உருவாகும். அதுதான் அட்ஹாக் ட்ரெஷரி பில். பில் வங்கியின் பெட்டிக்குப் போகும், அந்த அளவு புதுப் பணம் அரசின் கணக்கில் ஏறும். யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சில நாள் தட்டுப்பாட்டைச் சமாளிக்கத்தான் இந்த ஏற்பாடு. நாளடைவில் அதுவே நிரந்தர வருமானம் மாதிரி ஆகிவிட்டது.

வட்டியைப் பாருங்கள். 1974-இலிருந்து 4.6 சதவீதம், அசையவே இல்லை. 100 கோடி ரூபாயை 91 நாள் வைத்திருந்தால் அரசு கொடுக்கும் வட்டி சுமார் 1 கோடியே 15 லட்சம். இவ்வளவு மலிவாகக் கடன் கிடைத்தால் எந்த நிதியமைச்சகம் செலவைக் குறைக்கும்? 91-வது நாள் பழைய பில்லுக்குப் பதில் புதிய பில். திரும்பத் திரும்பப் புதுப்பித்துக் கட்ட முடியாமல் போனதையெல்லாம், திருப்பித் தரும் தேதியே இல்லாத பத்திரமாக மாற்றினார்கள்.

இப்படிப் புதுப் பணம் பெருகும்போது ரிசர்வ் வங்கி என்ன செய்யும்? வங்கிகளிடமிருக்கும் பணத்தைப் பிடித்துவைக்கும். அரசு செய்த செலவுக்குக் கடன் கிடைக்காமல் தவித்தவர் கடைக்காரரும் சிறுதொழில்காரரும்.

ரங்கராஜன் இதை ஒரே வெட்டில் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அரசு கஜானா திணறியிருக்கும். 1994 செப்டம்பர் 9-இல் அரசோடு எழுத்துபூர்வ ஒப்பந்தம் போட்டார். நிதியமைச்சர் மன்மோகன் சிங். 1994-95 நிதியாண்டின் முடிவில், அந்த ஆண்டில் நிகரமாகக் கூடிய அட்ஹாக் பில் 6,000 கோடியைத் தாண்டக் கூடாது. நடுவில் எப்போதாவது 9,000 கோடிக்கு மேல் தொடர்ந்து 10 வேலை நாட்கள் நின்றால், ரிசர்வ் வங்கி சந்தையில் ட்ரெஷரி பில்லை ஏலம் விட்டு அதைக் குறைக்கும். மூன்று வருஷத்தில் முழு ஒழிப்பு. 1997 மார்ச்சில் ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்தபோது இரண்டாவது ஒப்பந்தம். அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் அட்ஹாக் பில் கிடையாது.

அதற்குப் பதிலாக வந்தது, ரிசர்வ் வங்கி அரசுக்குக் கொடுக்கும் கைமாற்று. ஆங்கிலத்தில் 'வேஸ் அண்ட் மீன்ஸ்' என்பார்கள். 1997-98-க்கு முதல் அரையாண்டில் 12,000 கோடி, இரண்டாம் அரையாண்டில் 8,000 கோடி என்று உச்சவரம்பு வைத்தார்கள். முக்கால் பங்கு எடுத்ததுமே, சந்தையில் புதிய கடன்பத்திரம் வெளியிடலாம் என்று ரிசர்வ் வங்கி மணி அடிக்கும்.

இதனால் அரசின் பற்றாக்குறை மறைந்துவிடவில்லை. வாங்கும் இடம் மாறியது, வட்டி சந்தை விலைக்கு ஏறியது, கணக்கு வெளிச்சத்துக்கு வந்தது. அரசு புதிதாக வெளியிடும்போதே அதன் பத்திரத்தை ரிசர்வ் வங்கி நேரடியாக வாங்குவது 2006 ஏப்ரலில்தான் சட்டப்படி நின்றது. ஆனாலும் 1994-இன் அந்தக் கையெழுத்து இல்லாமல் 2006 வந்திருக்காது என்பது நம் கருத்து.

அந்தக் காலத்தில் கடைக்கு லோன் கேட்டு நடையாய் நடந்தோம். டெபாசிட் மட்டும் வாங்கிக்கொண்டே இருந்தார்களே, பணம் எங்கே போனது?
*(முலுண்ட் வாசகர்)*

1991-இல் புதிதாக வந்த 100 ரூபாய் டெபாசிட்டைப் பிரித்துப் பாருங்கள். எஸ்.எல்.ஆர். என்ற பெயரில் கட்டாயமாக அரசுப் பத்திரங்களுக்கு 38.50. சி.ஆர்.ஆர். என்று ரிசர்வ் வங்கியில் கட்டாய இருப்பாக 15. புதிய டெபாசிட்டுக்கென்று கூடுதல் சி.ஆர்.ஆர். 10. ஆக 63.50 போயாயிற்று. மிச்சம் 36.50-இல் 40 சதவீதம், அதாவது 14.60, விவசாயம் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்கு. கடைசியில் மேனேஜர் கையில் மிஞ்சியது 21 ரூபாய் 90 காசு. வரிசையில் நின்றவர்களில் அது யாருக்குக் கிடைத்திருக்கும் என்று நீங்களே சொல்வீர்கள்.

வங்கிச் சீர்திருத்தத்துக்காக அமைத்த நரசிம்மம் குழு சொன்ன பாதையில் எஸ்.எல்.ஆர். படிப்படியாக இறங்கி, 1997 அக்டோபரில் அன்றைய சட்டம் அனுமதித்த அடிமட்டமான 25-ஐத் தொட்டது. 2 லட்சத்துக்கு மேற்பட்ட கடன்களுக்கு வட்டியை வங்கிகளே தீர்மானிக்கலாம் என்ற உத்தரவு 1994 அக்டோபரில் வந்தது. புதிய தனியார் வங்கிகளுக்கான விதிகள் 1993 ஜனவரியில். குறைந்தபட்ச மூலதனம் 100 கோடி.

1991-இல் தங்கத்தை விமானத்தில் ஏற்றி அனுப்பியது அவரா?
*(டோம்பிவ்லி வாசகர்)*

அப்போது அவர் துணை கவர்னர். கவர்னர் எஸ். வெங்கிடரமணன், அவரும் தமிழரே. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் 1991 ஜூலையில் நான்கு தவணையாக 46.91 டன் தங்கம் வெளிநாட்டுக்கு அடகாகப் போய் 40.5 கோடி டாலர் கடன் வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் கடனை அடைத்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் 90-களில் தோல் பை ஏற்றுமதி. அப்பா '60-40' என்று அடிக்கடி சொல்வார். அது என்ன?
*(தாராவி வாசகர்)*

1992 மார்ச் முதல் ஒரு வருஷம் ஓடிய இரட்டை டாலர் விலை அது. ஏற்றுமதியில் வந்த டாலரில் 40 சதவீதத்தை அரசு விலைக்கு விற்றாக வேண்டும். 60 சதவீதத்தைச் சந்தை விலைக்கு விற்கலாம். அரசு விலை 26, சந்தை விலை 30 என்று முழு எண்ணாக வைத்துக்கொள்வோம். 100 டாலருக்கு அப்பா கையில் வந்திருப்பது 1,040-உம் 1,800-உம் சேர்த்து 2,840 ரூபாய். முழுக்கச் சந்தை விலை என்றால் 3,000. அந்த 160 ரூபாய், கச்சா எண்ணெயும் உரமும் மலிவு டாலரில் வாங்குவதற்காக ஏற்றுமதியாளர் கட்டிய கண்ணுக்குத் தெரியாத வரி. 1993 மார்ச்சில் இரண்டு விலையும் ஒன்றாயின. அந்நியச் செலாவணி நிலையை ஆராய்ந்த உயர்மட்டக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் ரங்கராஜன். அமலாக்கும்போது கவர்னரும் அவரே. 1994 ஆகஸ்டில் இறக்குமதி, பயணம் போன்ற வெளிநாட்டு நடப்புக் கணக்குச் செலவுகளுக்கு ரூபாயை அந்நியப் பணமாகத் தடையின்றி மாற்றலாம் என்றானது.

இங்கேதான் ஒரு சறுக்கலையும் சொல்ல வேண்டும். டாலர் வெள்ளமாக வந்தபோது அதன் விலையை 31 ரூபாய் 37 காசிலேயே நீண்ட காலம் பிடித்துவைத்தார்கள். அதற்காக வந்த டாலரையெல்லாம் ரிசர்வ் வங்கி வாங்கியது. 1993-94 ஒரே ஆண்டில் கையிருப்பு 980 கோடி டாலரிலிருந்து 1,930 கோடி டாலரானது. வாங்கிய ஒவ்வொரு டாலருக்கும் ரூபாய் வெளியே போனது. அட்ஹாக் வாசலை அடைக்கும்போதே டாலர் வாசல் திறந்துகொண்டது. 1994-95-இல் விலைவாசி ஏற்றம் 10 சதவீதத்தைத் தாண்டியது. கொஞ்சம் முன்பே ரூபாயை உயரவிட்டிருக்கலாம் என்ற விமர்சனம் நியாயமானதே.

நகரத்தில் ஒரு நாளைக்கு 47 ரூபாய் செலவழித்தால் ஏழை இல்லை என்று சொன்னவர்தானே! சயானில் 47 ரூபாய்க்கு என்ன கிடைக்கும்?
*(சயான் வாசகி)*

உங்கள் கோபம் புரிகிறது. அந்த எண் எப்படி வந்தது என்று பார்த்துவிட்டுக் கோபப்படுவோம்.

2014 அறிக்கை அது. விலைகள் 2011-12-க்கு உரியவை. நகரத்தில் தலைக்கு மாதம் 1,407 ரூபாய், கிராமத்தில் 972. தலைக்கு என்றால் கைக்குழந்தையும் ஒரு தலை. ஐந்து பேர் குடும்பத்துக்கு நகரத்தில் 7,035 ரூபாய். நகரத்தின் 1,407-இல் சாப்பாட்டுக்கு 656. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,090 கலோரி, 50 கிராம் புரதம், 26 கிராம் கொழுப்பு கிடைக்க வேண்டும் என்ற அளவில் போட்டது. வாடகை, துணி, பயணம், படிப்பு நான்குக்கும் சேர்த்து 407. மற்றதுக்கெல்லாம் 344.

இதற்கு முன் வறுமைக்கோட்டை வகுத்தது பொருளாதார அறிஞர் சுரேஷ் டெண்டுல்கரின் குழு. அந்த முறைப்படி நகரத்துக்கு 1,000. கோடு உயர்ந்ததும் ஏழைகள் 21.9 சதவீதத்திலிருந்து 29.5 சதவீதமானார்கள், எண்ணிக்கையில் 36.3 கோடி. அதாவது ரங்கராஜன் ஏழைகளைக் குறைத்துக் காட்டவில்லை, முந்தைய கணக்கைவிடக் கூட்டிக் காட்டினார். அரசு அதை அதிகாரபூர்வக் கோடாக ஏற்கவில்லை.

சிக்கல் அந்த 407-இல் இருக்கிறது. ஐந்து பேருக்கு 2,035 ரூபாய். அதில் மும்பையில் ஒரு அறை வாடகை, ரயில் பாஸ், பள்ளிச் செலவு மூன்றையும் அடக்க முடியாது. மாநிலத்துக்கு மாநிலம் தனிக்கோடு உண்டு என்றாலும், ஊருக்கு ஊர் இல்லை. மும்பைக்கும் சிறு நகரத்துக்கும் ஒரே கோடு போட்டால் மும்பை ஏழைதான் கணக்கிலிருந்து விடுபடுவார். உங்கள் கேள்வியின் பலம் அங்கேதான்.

மாமனார் பெட்டியில் ரங்கராஜன் கையெழுத்துப் போட்ட நோட்டுகள் இருக்கின்றன. செல்லுமா?
*(வாஷி வாசகி)*

500 ரூபாய் நோட்டு என்றால் செல்லாது. 2016 நவம்பரோடு போயிற்று. 10, 50, 100 சட்டப்படி செல்லும். ஆனால் பின்பக்கம் அடியில், நடுவில் ஆண்டு அச்சிடாத நோட்டுகள் 2005-க்கு முந்தையவை என்று புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்படுபவை. கடைக்காரர் வாங்கத் தயங்கலாம். உங்களுக்குப் பக்கத்திலேயே பேலாப்பூர் ரிசர்வ் வங்கி அலுவலகத்தில் மாற்றிக்கொள்ளலாம். 1996-இல் அறிமுகமான காந்தி வரிசையின் முதல் நோட்டுகளில் இருப்பது இவர் கையெழுத்துதான். மடிப்பில்லாமல் இருந்தால் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் பிளஸ் டூ. வளர்ச்சிப் பொருளாதாரம் படித்து ரிசர்வ் வங்கிக்குப் போக வேண்டுமாம். வழி?
*(கோரேகாவ் வாசகர்)*

வழி உங்கள் பேட்டையிலேயே இருக்கிறது. கோரேகாவ் கிழக்கில் ஃபிலிம் சிட்டி சாலையில் இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. 1987-இல் ரிசர்வ் வங்கியே தொடங்கியது. எம்.எஸ்ஸி. பொருளாதாரமும் முனைவர் படிப்பும் உண்டு. பிளஸ் டூவில் கணிதம் கட்டாயம். இதைக் கவனிக்காமல் பலர் பின்னால் தவிக்கிறார்கள். ரிசர்வ் வங்கியில் பொருளாதார, கொள்கை ஆய்வுத் துறைக்கு 'கிரேடு பி' அதிகாரிகளைத் தனித்தேர்வில் எடுக்கிறார்கள். முதுகலைப் பொருளாதாரத்தில் 55 சதவீதம் வேண்டும், பொதுவாக வயது 30-க்குள். முனைவர் பட்டத்துக்குத் தளர்வு உண்டு. பொதுப் பணிகளுக்கான கிரேடு பி தேர்வோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், பாடத்திட்டமே வேறு. இளங்கலையில் பொருளாதாரத்தோடு புள்ளியியலும் எடுக்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன 656, 407, 344 எல்லாம் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பைப் பிரித்துப் பார்த்து வந்த எண்கள். அந்த வேலைக்குப் புள்ளியியல் தெரியாமல் முடியாது.