ஆட்டத்தின் நடுவே புதிய நடுவரைத் திருத்தலாமா?

கேள்வி: பள்ளி, கழக அளவிலான கிரிக்கெட் போட்டிகளில் நீண்ட காலமாக நடுவராக இருந்து வருகிறேன். அண்மையில் தேர்வு எழுதி வென்ற இளைஞர்களை என்னுடன் இணைத்து அனுப்புகிறார்கள். அவர்கள் தவறும்போது அங்கேயே திருத்துவதா, ஆட்டம் முடியும்வரை பொறுப்பதா?

பதில்: விதியில் தவறினால் உடனே திருத்துங்கள், கணிப்பில் தவறியதாக உங்களுக்குத் தோன்றினால் ஆட்டம் முடியும்வரை பொறுத்திருங்கள். நோபால் என்று தாமே அறிவித்த பந்தில், சுற்றிலும் எழுந்த கூச்சலில் அதை மறந்து, கேட்சுக்கு விரலை உயர்த்திவிடுகிறார் என்றால் அது விதிப்பிழை. நீங்கள் விரைந்து அவரருகே சென்று தாழ்ந்த குரலில் நினைவூட்ட வேண்டும். தம் முடிவை நடுவர் தாமதமின்றி மாற்றிக்கொள்ள விதி 2 இடமளிக்கிறது. ஆனால் மாற்றி அறிவிப்பவர் அவராகவே இருக்க வேண்டும். மட்டையாளருக்குப் பக்கவாட்டில், ஸ்கொயர் லெக்கில் நின்றபடி நீங்களே கையசைத்து அறிவித்துவிட்டால், அதன்பின் வீரர்கள் ஒவ்வொரு ஐயத்தையும் அவரைத் தாண்டி உங்களிடம்தான் கொண்டுவருவார்கள். எஞ்சிய ஆட்டம் முழுவதும் அவர் பெயரளவுக்கு மட்டுமே நடுவராக நிற்க நேரும்.

எல்பிடபிள்யூ முடிவுகள் வேறு வகை. பந்து எந்த வரிசையில் வந்தது என்பதை உங்கள் இடத்திலிருந்து பார்க்கவே முடியாது என்பதால், முகக்குறிப்பாலும்கூடக் கருத்துச் சொல்லாதீர்கள். கேட்ச் தரையில் பட்டதா, பந்து எந்த உயரத்தில் சென்றது என்பன போன்று, உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கக்கூடியவற்றை அவர் கேட்டால், கண்டதை மட்டும் சொல்லிவிட்டு உங்கள் இடத்துக்குத் திரும்புங்கள். கலந்து பேசிய பின்பும் ஐயம் நீங்காவிட்டால் நாட் அவுட் என்று விதியே தெளிவாகக் கூறுவதால், முடிவெடுக்கும் பொறுப்பை அவரிடமே விட்டுவிட அஞ்ச வேண்டியதில்லை.

உண்மையில் களத்தில் நீங்கள் செய்யக்கூடிய பேருதவி, திருத்துவதைவிடத் தவறு நேராமல் காப்பதுதான். நடுவர் பந்துகளைத் தவறாக எண்ணிவிட்டால், அவர் எண்ணியபடியே அந்த ஓவர் நிலைக்கும் என்கிறது விதி 17. ஆகவே ஓவர் முடிந்தபின் சொல்லிப் பயனில்லை. இரண்டு பந்துகள் எஞ்சியிருக்கும்போது இருவரும் பிறர் கவனத்தை ஈர்க்காத ஒரு சைகையால் உறுதி செய்துகொள்வது என்று ஆட்டத்துக்கு முன்பே பேசி வையுங்கள். ஒவ்வொரு விக்கெட் விழுந்ததும் அவரைக் கண்ணால் தேடுங்கள். நீங்கள் அருகில் இருக்கிறீர்கள் என்ற உணர்வே அவருக்குத் தைரியம் தரும். பானங்களுக்கான இடைவேளையில் ஒரே ஒரு குறிப்பை, அதுவும் அடுத்த பகுதியிலேயே அவர் செய்து பார்க்கக்கூடிய ஒன்றை, சொன்னால் போதும். ஸ்கோரர் பதில் சைகை காட்டும்வரை அடுத்த பந்தை அனுமதிக்காதிருப்பது அத்தகைய குறிப்பு. காலையில் கொடுத்த தவறான எல்பிடபிள்யூ முடிவை அங்கே கிளறுவது கூடாது, ஏனெனில் அந்த நினைவு அடுத்த முறையீட்டிலும் அவர் கையைப் பிடித்து இழுக்கும்.

ஒரு சூழலில் மட்டும் நீங்கள் தயங்கவே கூடாது. வீரர்கள் அவரை நோக்கி ஆவேசமாக வந்தாலோ, முடிவை எதிர்த்துச் சொல்லாலோ செயலாலோ அதிருப்தி காட்டினாலோ, உடனே அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்சிசியின் 2017ஆம் ஆண்டு விதித்தொகுப்பில் சேர்க்கப்பட்ட விதி 42 இவற்றை முதல் நிலைக் குற்றங்களாக வகுத்திருக்கிறது: முதன்முறை எச்சரிக்கை, மீண்டும் அந்த அணியில் எவரேனும் செய்தால் எதிரணிக்கு 5 ரன்கள். அணித்தலைவரை அழைத்து எச்சரிக்கும்போது புதியவர் தனியே நிற்கும்படி விடுவது, என் கருத்தில், மூத்த நடுவருக்கு அழகன்று.

கேள்வி: நான் புதிய நடுவர். உரத்த முறையீடு எழுந்ததும் பதறி உடனே முடிவைச் சொல்லிவிடுகிறேன். "நிதானம் வேண்டும்" என்கிறார் என் மூத்த இணை நடுவர். அதை எப்படிப் பழகுவது?

பதில்: மனத்துக்கு ஒரு வரிசையைக் கொடுங்கள். எல்பிடபிள்யூ முறையீடு என்றால், பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே தரையில் பட்டதா? பட்டிருந்தால் நாட் அவுட். மேலும் யோசிக்க வேண்டியதில்லை. இல்லையென்றால், மட்டையில் முதலில் பட்டதா, காலில் எங்கே பட்டது, தடையின்றிச் சென்றிருந்தால் ஸ்டம்பைத் தாக்கியிருக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இவற்றுக்கு விடை காணும் நேரமே நீங்கள் தேடும் நிதானம். கத்தல் ஓயும் முன் முடிவு சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. பந்துவீச்சாளரின் முன்காலைப் பார்த்தபின் கண்களை உயர்த்தும்போது தலையும் சேர்ந்து அசைகிறதா என்று உங்கள் இணை நடுவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். பதற்றம் என்று நீங்கள் நினைப்பது பல நேரங்களில் பந்தை முழுமையாகப் பார்க்காததால் வரும் தடுமாற்றமே.