ஓடுற ஷேரா, விழுந்து கிடக்கிற ஷேரா?

கேள்வி: சார், நான் ஸ்கூல் டீச்சர். ஒரு லட்சம் சேத்து வச்சிருக்கேன். ஏறிட்டு இருக்கிற ஷேரையே வாங்குக்கான்னு என் தம்பி சொல்றான், எனக்கு என்னமோ 400ல இருந்து 40க்கு வந்ததை வாங்குனா இதுக்கு மேல எங்க விழப்போகுதுன்னு தோணுது. எது சரி?
- வாசகி, ஈரோடு

பதில்: டீச்சர், "இதுக்கு மேல எங்க விழப்போகுது"ங்கிற நினைப்பை மொதல்ல விட்டுடுங்க. 40, 20 ஆனா உங்க காசுல பாதி போச்சு, அவ்ளோதான் கணக்கு, அது ஒரு காலத்துல 400 இருந்துச்சுங்கிறது உங்களுக்கு எதுக்குமே உதவாது.

யெஸ் பேங்க்கை எடுத்துக்கோங்க. 2018 ஆகஸ்ட்ல 400 ரூபா கிட்ட இருந்துச்சு, அப்புறம் 200ல சீப்புன்னு வாங்கினாங்க, 100ல இன்னும் வாங்கி ஆவரேஜ் பண்ணாங்க (அதாவது வாங்குன சராசரி விலையைக் குறைச்சாங்க), 50லயும் பண்ணாங்க, 2020 மார்ச்ல அந்த பேங்க்ல பணம் எடுக்க ரிசர்வ் பேங்க் கட்டுப்பாடு போட்டுச்சு, அதோட 100 ஷேரோ அதுக்கு மேலயோ வச்சிருந்தவங்களுக்கு 75 பர்சன்ட் ஷேரை 3 வருஷம் விக்கவே முடியாம பூட்டிட்டாங்க. பாவம், எத்தனை பேரோட சேமிப்பு அது.

அதே மார்ச்ல டாடா மோட்டார்ஸும் 65 ரூபா கிட்ட கிடந்துச்சு, 2024ல 1,000 தாண்டுச்சு. என்ன வித்தியாசம்? யெஸ் பேங்க்ல நிறுவனர்கள்ல ஒருத்தரான ராணா கபூர் 2019க்குள்ள தன் பங்கை கிட்டத்தட்ட முழுசா வித்துட்டு வெளிய போயிட்டார், டாடா மோட்டார்ஸ்ல அதே 2019 கடைசியில அதோட தாய் கம்பெனி டாடா சன்ஸ், ஷேர் 150 ரூபான்னு போட்டு புதுசா பணம் இறக்குச்சு. விழுந்த ஷேர்ல நான் முதல்ல பாக்குறது இதைத்தான், முதலாளி காசு உள்ள வருதா வெளிய போகுதா, அப்புறம் கடன்.

தம்பி சொல்றதும் தப்பில்ல. ஜெகதீஷ், டிட்மன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1993ல அமெரிக்க மார்க்கெட்டை வச்சு காட்டுனாங்க, 3ல இருந்து 12 மாசமா நல்லா ஓடுன ஷேர் அடுத்த சில மாசமும் ஓடுதுன்னு. ஆனா 1985லயே டி பான்ட், தேலர் பாத்தது வேற, 3 வருஷமா அடி வாங்குன ஷேருங்க அடுத்த 3 வருஷத்துல முந்துது. அவன் மாசக் கணக்குல பேசுறான், நீங்க வருஷக் கணக்குல பேசுறீங்க. ஓடுற ஷேர்ல இறங்குனா எப்ப வெளிய வரணும்னு தெரியணும், கிளாஸ் எடுத்துட்டு இருக்கும்போது அதைப் பாக்க முடியுமா?

அதனால 80,000ஐ நிஃப்டி 200 மொமென்டம் 30 இண்டெக்ஸ் ஃபண்டுல, அதாவது 200 பெரிய ஷேர்ல நல்லா ஓடுற 30ஐ வச்சிருக்கிற ஃபண்டுல, மாசாமாசம் பிரிச்சுப் போடுங்க. ஜூன், டிசம்பர்ல ஓட்டம் நின்ன ஷேரை அதுவே தூக்கிடும், ஃபண்டுக்குள்ள நடக்கிற விற்பனைக்கு உங்களுக்கு வரியும் கிடையாது. மார்க்கெட் கவுந்தா இது பலமாவே விழும், 5 வருஷம் தொடாத காசா இருக்கணும். மீதி 20,000ல உங்க ஆசைக்கு விழுந்த ஷேர் ஒண்ணு வாங்குங்க, வாங்குறதுக்கு முன்னாடி என்எஸ்இ (தேசிய பங்குச் சந்தை) சைட்ல ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன், அதாவது யார்கிட்ட எவ்ளோ ஷேர் இருக்குங்கிற பட்டியலைத் திறந்து, புரமோட்டர் (கம்பெனியை நடத்துற முதலாளி) தன் ஷேர்ல எவ்ளோ அடகு வச்சிருக்கார்னு பாத்துட்டு எனக்கு எழுதுங்க.