இலையுதிர் கால இரவுகளுக்கு எந்த நாவல்?

கேள்வி: டொரொண்டோவுக்கு வந்தபின் எனக்கு இது இரண்டாவது இலையுதிர் காலம். மேப்பிள் மரங்கள் சிவந்து உதிர்கின்றன. நவம்பரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்துவிட்டால், மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. குழந்தைகள் உறங்கிய பிறகு படிக்க, இந்தப் பருவத்துக்கு ஏற்ற, மாயம் கலந்த நாவல்களைச் சொல்லுங்கள். ரத்தமும் அலறலுமான பேய்க்கதைகள் வேண்டாம்.
– ஒரு வாசகி, டொரொண்டோ

பதில்: அட்டையில் உதிர்ந்த இலையும் பூசணிக்காயும் இருப்பதைப் பார்த்து நாவலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பருவம் அதில் வெறும் வருணனையாக நிற்கிறதா, மனிதர்களின் செயலை மாற்றுகிறதா என்பதை முதல் சில பக்கங்களிலேயே கண்டுகொள்ளலாம். நம் நெடுநல்வாடையில், கூதிர்க்கால வானம் இருண்டே கிடப்பதால் பொழுது தெரியாமல், பூந்தட்டில் இட்டுவைத்த பிச்சி அரும்புகள் அவிழ்ந்து மணப்பதைக் கொண்டு மாலை வந்ததை அறிந்து பெண்கள் விளக்கேற்றுகிறார்கள். குளிரையும் இருளையும் எத்தனை அடிகளில் விவரித்தாலும் கிடைக்காத நெருக்கம் அந்த ஒரு செயலில் கிடைத்துவிடுகிறது. இந்த அளவுகோலை மனத்தில் வைத்தே கீழுள்ளவற்றைச் சொல்கிறேன்.

முதலில் ரே பிராட்பரி 1962-இல் எழுதிய ‘சம்திங் விக்கெட் திஸ் வே கம்ஸ்’. அமெரிக்காவின் சிற்றூர் ஒன்றுக்கு அக்டோபர் மாதக் கடைசியில், பின்னிரவு மூன்று மணிக்கு, ரயிலில் ஒரு கேளிக்கைக் கூடாரம் வந்து இறங்குகிறது. அங்குள்ள குதிரை ராட்டினம் முன்னோக்கிச் சுற்றினால் சுற்றுக்கு ஒரு வயது கூடும். பின்னோக்கிச் சுற்றினால் ஒரு வயது குறையும். மாயத்துக்கு இப்படித் திட்டவட்டமான ஒரு விதி இருப்பதால்தான் அதன் விலையும் நமக்குப் புரிகிறது. இழந்த இளமைக்கு ஏங்கிய பள்ளி ஆசிரியை ஒருவர் சிறுமியாகி, தன்னை யாரும் அடையாளம் காணாத நிலையில் மரத்தடியில் அழுதுகொண்டிருக்கும் இடத்தில் நான் புத்தகத்தைச் சற்று நேரம் மூடி வைத்துவிட்டேன். இரு சிறுவர்களின் கதை என்றுதான் இதைச் சொல்வார்கள். எனக்கோ, நூலகத்தைத் துப்புரவு செய்யும் வேலையில் இருந்துகொண்டு, ஊர் அடங்கிய பிறகும் அங்கேயே அமர்ந்து படிக்கும், வயதாகிவிட்டதே என்று கலங்கும் தந்தையின் கதையாகவே அது நிற்கிறது. அச்சம் உண்டு, ஆனால் நீங்கள் விலக்கச் சொன்ன வகை அச்சம் அன்று. பிராட்பரியின் உரைநடை உவமைகளால் அடர்ந்தது என்பதால், ஓர் இரவுக்கு இரண்டு மூன்று சிறு அத்தியாயங்கள் போதும்.

மாயமே இல்லாமல் மாயமாகத் தோன்றும் நாவல் ஒன்றும் உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் அலென் ஃபூர்னியே 1913-இல் வெளியிட்ட அந்த நாவல், ஆங்கிலத்தில் ‘தி லாஸ்ட் எஸ்டேட்’ என்ற பெயரிலும் கிடைக்கிறது. நவம்பர் மாத ஞாயிறு ஒன்றில் கிராமப் பள்ளிக்கு வந்து சேரும் மாணவன், பின்னர் ஒருநாள் குதிரை வண்டியில் வழி தவறி, குழந்தைகளே தலைமை ஏற்று நடத்தும் விழா ஒன்று நிகழும் பழைய மாளிகையை அடைகிறான். திரும்பும் வழியில் வண்டியிலேயே உறங்கிவிடுவதால், அந்த இடம் எங்கே இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாமலே போகிறது. இவ்வளவு எளிய ஒரு காரணத்திலிருந்து நாவலின் ஏக்கம் முழுவதும் பிறப்பதை எண்ணி இன்றும் வியக்கிறேன். அதை எழுதியவர் மறு ஆண்டே முதல் உலகப் போரில், 27 வயதில் உயிரிழந்தார்.

தமிழிலேயே படிக்க விரும்பினால் மெக்சிகோவின் ஹுவான் ருல்ஃபோ எழுதிய ‘பெத்ரோ பராமோ’வை எடுங்கள், 1955-இல் வெளிவந்த இதற்கு நம் மொழிபெயர்ப்பு உண்டு. தாயின் மரணப் படுக்கையில் கொடுத்த வாக்குக்காகத் தந்தையைத் தேடிக் கொமாலா என்னும் ஊருக்கு வரும் மகன், தன்னோடு பேசுபவர்கள் இறந்தவர்கள் என்பதை மெல்ல மெல்ல உணர்கிறான். கதை நடப்பது கொளுத்தும் வெயிலில். ஆனாலும், மெக்சிகோ மக்கள் இறந்த உறவினரை வீட்டுக்கு வரவேற்கும் நாட்கள் நவம்பர் 1, 2 என்பதால், இப்பருவத்தோடு இதற்கு உள்ள உறவு உண்மையானது. சிறிய நூல்தான்; யார் பேசுகிறார் என்பது முதலில் குழப்பும். குழப்பத்தோடேயே இறுதிவரை சென்று, மறுநாள் இரவு முதல் பக்கத்திலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.