ஒரே சேர்வரில் பல டொமைன்கள்: மின்னஞ்சல் வடிகட்டல் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (கிளிநொச்சி): ஐயா, கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கும் அரிசி ஆலை ஒன்றுக்குமாக இரண்டு டொமைன்களை ஒரே போஸ்ட்ஃபிக்ஸ் (கடிதங்களை ஏற்றுக் கொண்டுசேர்க்கும் மென்பொருள்) சேர்வரில் நடத்துகிறேன். கடிதங்களைப் பிரித்து வைக்கும் சீவ் என்ற மொழியில் விதிகளைச் சரியாக எழுதியும் ஸ்பாம் கடிதங்கள் இன்பொக்ஸிலேயே விழுவது ஏன்?

பதில்: விதிகள் சரியானால், அவற்றை இயக்குவார் இல்லை என்பதே காரணமாக இருக்கும். மெய்நிகர் டொமைனுக்கு (பயனாளர்களுக்குச் சேர்வரில் லினக்ஸ் கணக்கு இல்லாத டொமைன்) வரும் கடிதத்தை, வேறு வழி காட்டாதவிடத்து, போஸ்ட்ஃபிக்ஸ் தன் சொந்த விநியோக நிரலைக் கொண்டே பெட்டியில் சேர்த்துவிடும்; அந்த நிரலுக்குச் சீவ் தெரியாது. சீவை இயக்குவது அஞ்சல்பெட்டிகளைப் பராமரிக்கும் டவ்கொட் என்ற மென்பொருள் ஆகையால், போஸ்ட்ஃபிக்ஸின் வேர்ச்சுவல் டிரான்ஸ்போர்ட் அமைப்பை டவ்கொட்டின் எல்எம்டிபி (கடிதத்தைப் பெட்டிக்கு ஒப்படைக்கும் நெறிமுறை) சொக்கெட்டுக்குத் திருப்பி, அங்கே எல்எம்டிபி பகுதியில் சீவ் செருகுநிரலையும் சேர்த்துவிடுங்கள். மெய்நிகர் பயனாளருக்கு லினக்ஸ் கணக்கு இல்லை என்பதால், அவருடைய ஹோம் கோப்புறையைப் பயனாளர் தரவுத்தளமே சொல்ல வேண்டும். அந்தப் பாதையில் டொமைன் பெயரை விட்டுவிட்டால், சங்கத்துக் காசாளரும் ஆலைக் காசாளரும் ஒரே விதிக்கோப்பைப் பகிர நேரிடும்.

கேள்வி (மாங்குளம்): மெய்நிகர் பட்டியலிலுள்ள டொமைனை, லினக்ஸ் கணக்குள்ளோரின் டொமைன்களுக்கான மைடெஸ்டினேஷனிலும் எழுதலாமா?

பதில்: கூடாது. மெய்நிகர் பட்டியலில் மட்டும் இருக்கட்டும்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): பெயரைப் பிழையாக எழுதி அனுப்புவோரின் கடிதமும் தவறாமல் கிடைக்க, எந்த முகவரிக்கு வந்தாலும் ஒரு பெட்டியில் சேர்க்கும் கெட்ச் ஆல் வைத்தேன். இப்போது எல்லாருடைய கடிதமும் ஒரே பெட்டிக்குப் போகிறது, அண்ணா.

பதில்: முகவரிகளை வேறு முகவரிகளுக்குத் திருப்பும் மாற்றுப்பெயர் அட்டவணை முதலில் பார்க்கப்படுவதால், உண்மையான பெட்டிகளையும் அதிலுள்ள கெட்ச் ஆல் வரி விழுங்கிவிட்டது. ஒவ்வொரு முகவரியையும் அதற்கே திருப்பும் வரிகளை எழுதினால் இது தீரும். ஆயினும் கெட்ச் ஆலை எடுத்துவிடுவதே என் அபிப்பிராயம். இல்லாத முகவரியை, சேர்வர்கள் கடிதத்தைக் கைமாற்றும் எஸ்எம்டிபி உரையாடலிலேயே மறுத்தால் பிழை அனுப்பியவருக்கே தெரிந்துவிடும்; எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு பின்னர் வடிகட்டுவது, யானை வயலுக்குள் இறங்கிய பிறகு வெடி கொளுத்துவதைப் போன்றது.

கேள்வி (முல்லைத்தீவு): ஆர்ஸ்பாம்டி என்ற ஸ்பாம் வடிகட்டியைப் போட்ட நாள்முதல் சில கடிதங்கள் பிந்தியே வருகின்றன. தமிழ் ஸ்பாமும் தப்பிவிடுகிறது.

பதில்: அது ஒவ்வொரு கடிதத்துக்கும் ஸ்பாம் புள்ளி இடும்; இயல்பான அமைப்பில் 4 புள்ளியில் கிரேலிஸ்டிங் (தற்காலிக மறுப்பு), 6 இல் ஸ்பாம் தலைப்புக்குறி, 15 இல் நிராகரிப்பு. கிரேலிஸ்டிங்கில் அனுப்பும் சேர்வர் மறுபடி முயலும்வரை கடிதம் காத்திருக்கும். அவசரக் கடிதங்கள் வரும் அலுவலகமென்றால் அதை நிறுத்திவிடலாம். தமிழ் ஸ்பாமுக்கு, கற்பித்த கடிதங்களைக் கொண்டு கணிக்கும் பேயஸ் பகுதிக்குப் பயிற்சி தேவை: ஸ்பாமிலும் நல்லதிலும் தலா 200 கடிதங்களைக் கற்கும்வரை அது தீர்ப்புச் சொல்லாது. நல்ல தமிழ்க் கடிதங்களையும் மறவாமல் ஊட்டுங்கள்.