அவள் எதைப் பார்த்தாள்?

அன்புள்ள சார்,

பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஏழாம் வகுப்பு வரை கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பேன். ஊர்க் கிளை நூலகத்தில் சிறுவர் அலமாரியை முடித்துவிட்டு, நூலகரிடம் கெஞ்சிப் பெரியவர்கள் அலமாரிக்குப் போனவள். பத்தாம் வகுப்போடு அதெல்லாம் நின்றது. பிளஸ் டூவில் செய்யுளைக்கூட வினா விடையாகத்தான் படித்தேன்.

இந்த செமஸ்டரில் பகுதி ஒன்று தமிழில் குறுந்தொகை. 25ஆம் பாட்டுக்கு எங்கள் மேடம் ஒரு மணி நேரம் முழுக்க எடுத்துக்கொண்டார். ஐந்தே வரி! குருகு என்ற நீர்ப்பறவையின் காலைத் தினைத்தாள் மாதிரி என்று சொன்ன இடத்தில் எனக்குத் தாத்தாவின் காடு ஞாபகம் வந்துவிட்டது. அன்று மாலையே நூலகத்துக்குப் போய் ஒரு நாவல் எடுத்து வந்தேன். பத்துப் பக்கம் தாண்டவில்லை. கை தானாகப் போனுக்குப் போய்விடுகிறது. நான்காவது செமஸ்டரோடு தமிழ் வகுப்பும் முடிந்துவிடும். பழைய வாசிப்பை எப்படி மீட்பது? அப்புறம், புரியாத பாட்டை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாமா?

ப., திண்டுக்கல்

*

அன்புள்ள ப.,

பழைய வாசிப்பு திரும்பி வராது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

பதினொரு வயதில் நாம் படித்தது அடுத்து என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளத்தான். ராஜகுமாரன் தப்பித்தானா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. அந்தப் பசிக்கு இன்று போனே தீனி போட்டுவிடுகிறது, நாவலைவிட வேகமாக. வகுப்பில் உங்களுக்குக் கிடைத்தது வேறு. அந்தப் பாட்டில் அடுத்து என்ன என்பதே கிடையாது. எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. நடந்ததைத் திரும்பத் திரும்பப் பார்க்க உங்கள் மேடம் உங்களை ஒரு மணி நேரம் உட்கார வைத்திருக்கிறார். அங்கே அந்த நிதானத்தைக் கண்டுவிட்டு, வீட்டுக்கு வந்து பதினொரு வயது அவசரத்தோடு நாவலைத் திறந்திருக்கிறீர்கள். பத்துப் பக்கத்தில் நின்றது ஆச்சரியமில்லை.

மற்றவர்களுக்காகப் பாட்டைத் தருகிறேன். கபிலர் பாடியது.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

தலைவி தோழியிடம் சொல்வது. அன்று அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே இல்லையென்று பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீன் வருகிறதா என்று பார்த்தபடி, தினைத்தாள் போன்ற சிறிய பசுங்காலோடு ஒரு குருகும் நின்றது, அவன் என்னைக் கூடிய அன்று.

எனக்கும் இந்தப் பாட்டோடு ஒரு கதை உண்டு. 1980களில் வேதியியல் படித்தேன். தமிழ் வகுப்பு சாப்பாட்டுக்கு அடுத்த மணியில், பாதிப் பேர் தூங்கிவிடுவோம். ஒருநாள் ஆசிரியர் இதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். பிறகு கேட்டார், "கொக்கு மீனைப் பார்த்துச்சு, சரி. அவ எதைப் பார்த்தா?"

யாரும் வாய் திறக்கவில்லை.

"கால் எவ்வளவு மெலிசு, என்ன நிறம்னு வரைக்கும் சொல்றாளே. அப்ப அவ கண்ணு எங்கடா இருந்துச்சு?"

அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் பறவையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வழக்கமாகச் சொல்லும் பொருள் இதுவல்ல. குருகின் கண்ணெல்லாம் மீன்மேல் இருந்தது, அது சாட்சிக்கு ஆகாது என்பதுதான் அது. அதுவும் சரிதான். 'குருகும்' என்ற அந்த உம்மில் எவ்வளவு கசப்பு! இருந்த ஒரே சாட்சிக்கும் தன் வயிற்றுப்பாடு.

ஆனால் எனக்குக் கால் விஷயம் தலைக்கேறிவிட்டது. மாதத் தேர்வில் இரண்டு பக்கத்துக்கு அதையே எழுதினேன். திருத்தியவர் வேறொருவர். பத்துக்கு இரண்டு போட்டு, ஓரத்தில் 'உரையில் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். கோபம் வந்தது. அதைவிட, உரையில் இல்லாத ஒன்று பாட்டில் இருக்கிறதே என்ற குஷி. விட்டுப்போன வாசிப்பு எனக்குத் திரும்பியது அந்த இரண்டு மதிப்பெண்ணில்தான் என்று இப்போது தோன்றுகிறது.

உரை என்றதும் உங்கள் கடைசிக் கேள்வி. தாராளமாக விட்டுவிட்டுப் போகலாம். குறுந்தொகையில் கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டு. பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் 20 பாட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றுக்கு உரை எழுதினாராம். அந்த இருபதுக்கு இன்னொரு உரையாசிரியரான நச்சினார்க்கினியர் எழுதினார் என்று பழைய பாயிரம் சொல்கிறது. கடைசியில் இரண்டு உரையுமே நமக்குக் கிடைக்கவில்லை. 1937இல் உ.வே.சாமிநாதையர் தாமே உரை எழுதிப் பதிப்பித்தார். பேராசிரியரே இருபதை விட்டிருக்கிறார், நீங்கள் நாற்பதை விட்டால் என்ன குறைந்துவிடும்?

போனை அடுத்த அறையில் வை என்ற அறிவுரையை நான் சொல்ல மாட்டேன். நானே வைப்பதில்லை. ஆனால் நாவலைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். ஒரே உட்காரலில் முடிகிற சிறுகதையோ பாட்டோ போதும். வாய்விட்டுப் படியுங்கள். வகுப்பில் உங்களைப் பிடித்தது பாதி உங்கள் மேடத்தின் குரலாக இருக்கும், கண் தாண்டிப் போகிற சொல்லை வாய் தாண்டாது. விடுதியிலோ பஸ்ஸிலோ கேட்க ஒரு தோழி இருந்தால் இன்னும் நல்லது. வருடத்துக்கு நூறு புத்தகம் என்று கணக்கு வைப்பவர்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள். கணிதம் படிக்கிறீர்கள், எண்ணுவதற்கு அங்கே நிறைய இருக்கிறது.

நான்காவது செமஸ்டர் முடிந்தால் மேடம் எங்கேயும் போய்விட மாட்டார். வாரம் ஒருநாள் துறைக்குப் போய், "மேடம், ஒரு பாட்டு" என்று கேளுங்கள். மதிப்பெண்ணுக்கு இல்லாமல் வந்து நிற்கிற மாணவியை விரட்டும் தமிழாசிரியரை நான் இன்னும் பார்த்ததில்லை. போகும்போது என் ஆசிரியரின் கேள்வியை அவரிடமும் கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.