கங்கண சூரிய கிரகணத்தில் அப்படி என்னதான் தெரியும்? அதற்காக ஊர்விட்டு ஊர் போகலாமா?

போகலாம், கட்டாயம் போங்கள். நிலா சூரியனை முழுக்க மூடாமல், சுற்றிலும் ஒரு வளையத்தை விட்டுவைக்கும் கிரகணம் இது. கேள்வியைப் படித்ததும் கொஞ்சம் சுருக்கென்றது, ஏனென்றால் 2019 டிசம்பரில் இதையே என்னிடம் ஆபீசில் கேட்டார்கள், வீட்டில் கேட்டார்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கூடக் கேட்டார்.

நீங்கள் அநேகமாக 2020 ஜூன் 21 கிரகணத்தைச் சென்னையில் இருந்து பார்த்துவிட்டு இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அன்று வளையம் தெரிந்தது குருக்ஷேத்திரம், டேராடூன் பக்கம். சென்னையில் சூரியனில் மூன்றில் ஒரு பங்குதான் மறைந்தது, வெயிலில் ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. அதை வைத்து முடிவு பண்ணாதீர்கள். வளையம் தெரியும் பாதைக்குள் நிற்பது வேறு, வெளியே நிற்பது வேறு.

2010 ஜனவரி 15 கிரகணத்தை நான் தவறவிட்டவன். தனுஷ்கோடியில் 10 நிமிடம் வளையம் நின்றது. எங்கள் ஊரிலிருந்து அரை நாள் பயணம்தான். தை அமாவாசைக் கூட்டம், கிரகண நேரம், போகக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார், நானும் எதிர்த்துப் பேசவில்லை. நீளத்தில் அந்தக் கிரகணத்தை மிஞ்சும் கங்கண கிரகணம் இனி 3043ஆம் ஆண்டில்தான் என்று பேப்பரில் படித்தபோது சாப்பாடு இறங்கவில்லை. அதனால் 2019 டிசம்பர் 26 பாதை கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை என்று எங்கள் ஊர் வழியாகவே வருகிறது என்று தெரிந்ததும் ஆறு மாதம் முன்பே லீவு சொல்லி வைத்தேன். எங்களுக்கு வேடசந்தூர் பக்கம்.

கடைசி வாரத்தில் அந்த லீவை ரத்து செய்தார்கள். காது குத்துக்குக் கேட்டால் கொடுப்பார்களாம், இதற்குக் கொடுக்க மாட்டார்களாம். அந்த வருஷம் தீபாவளி அன்று நான்தான் ஷிப்ட் பார்த்தேன், அதற்கு ஈடாக வர வேண்டிய நாளும் வரவில்லை, கேட்டால் சிஸ்டத்தில் காட்டவில்லை என்று பதில். அந்த நாளை இன்றுவரை கொடுக்கவில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சம்பளப் பிடித்தத்தில் கிளம்பிப் போனேன்.

காலை எட்டு மணி தாண்டியதும் சூரியனின் ஓரத்தில் ஒரு சின்னக் கடி விழுந்தது. முதல் ஒரு மணி நேரம் கண்ணாடி போட்டுப் பார்த்தால்தான் உண்டு, மற்றபடி சாதாரண காலை. ஒன்பதே கால் சுமாருக்கு வெயில் மாற ஆரம்பித்தது. மேகம் மறைத்தால் வரும் மங்கல் மாதிரி இல்லை. நிழல் எல்லாம் கத்தியால் வெட்டியது போலக் கூர்மையாக இருக்கிறது, ஆனால் வெயிலில் சாரம் இல்லை, தோளில் சூடு உறைக்கவில்லை. இருட்டாகும், கோழி கூட்டுக்குப் போய்விடும் என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள், அது முழு கிரகணத்தில். இதில் நடுவில் கருப்பு வட்டம், சுற்றிலும் சூரியனில் ஆறு சதவீதம் போல மிச்சம் இருக்கும், அந்த ஆறே ஊரெல்லாம் பகலாக வைத்திருக்கப் போதும். எங்கள் கோழிகள் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன.

மேலே பார்க்கிற நேரத்தில் கீழேயும் பாருங்கள். வாசலில் முருங்கை மரம். அதன் இலைச் சந்து ஒவ்வொன்றும் ஒரு ஊசித்துளை கேமரா மாதிரி வேலை செய்து, சூரியனின் உருவத்தையே தரையில் விழவைக்கும். சாணி தெளித்த தரை முழுக்க நூற்றுக்கணக்கில் பிறை, எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. ஒன்பதரை வாக்கில் வானத்தில் பிறையின் இரண்டு முனையும் நீண்டு நீண்டு வந்து, சேரப்போகும் இடத்தில் கோடு அறுந்து மணி மணியாகத் தெரிந்தது. நிலாவின் ஓரத்துப் பள்ளங்கள் வழியாக வரும் ஒளி அது. பெய்லி மணிகள் என்பார்கள். பிரான்சிஸ் பெய்லி 1836இல் அதை ஸ்காட்லாந்தில் பார்த்து எழுதியதே ஒரு கங்கண கிரகணத்தில்தான், ஆகவே இதை மட்டமான கிரகணம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அடுத்த நொடி வளையம் மூடிக்கொண்டது. தரையில் இருந்த பிறை அத்தனையும் மோதிரமாகிவிட்டன. தம்பியின் பனியன் முதுகில் மட்டும் ஏழெட்டு மோதிரம்.

வளையம் இருக்கப்போவது 3 நிமிடம். அந்த நேரத்தில் உள்ளே இருந்து தங்கச்சி "அண்ணே, இங்க வா, சீக்கிரம்" என்று கத்துகிறாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம். அப்பத்தா அவளை உள் அறையில் வைத்து ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். (அப்பத்தாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கிரகணத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும், அவர்களுக்குப் பயம், அந்தப் பயமும் பாசம்தான். கமெண்டில் இதற்குச் சண்டைக்கு வராதீர்கள்.) வானத்தை விட்டுவிட்டு ஓடினேன். மர ஜன்னல் கதவின் மேல் மூலையில் ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்று. அதன் வழியாக வந்த வெளிச்சம் தரையில் நீள்வட்டமாக விழுந்திருந்தது. அவள் கோடு போடாத நோட்டு ஒன்றைச் சாய்த்துப் பிடித்தாள், நீள்வட்டம் வட்டமானது. அஞ்சு ரூபாய்க் காசு அளவு, ஓரம் கொஞ்சம் கலங்கலாக, நடுவில் கருப்பு. அது ஆடவே இல்லை. அவள் கைதான் நடுங்கியது. வாசல்படியில் நின்றிருந்த அப்பத்தாவும் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நின்றார்கள். நான் திரும்பி வெளியே ஓடுவதற்குள் வளையம் ஒரு பக்கம் பிளந்துவிட்டது. கடைசி ஒரு நிமிடத்தை நான் வானத்தில் பார்க்கவில்லை, அதில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை.

கண்ணாடி விஷயத்தில் மட்டும் விளையாடாதீர்கள். முழு கிரகணத்தில் சூரியன் முழுக்க மறையும் சில நிமிடம் வெறும் கண்ணால் பார்க்கலாம், கங்கணத்தில் அப்படி ஒரு நொடிகூடக் கிடையாது. எக்ஸ்ரே பிலிம், கரி பூசிய கண்ணாடி, கூலிங் கிளாஸ், மஞ்சள் கரைத்த தண்ணீர் எதுவும் வேண்டாம். ஐஎஸ்ஓ 12312-2 தரக் கண்ணாடி வாங்குங்கள், அல்லது 14ஆம் நம்பர் வெல்டிங் கண்ணாடி. "நான் சும்மாவே பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது கீழே வந்து சொல்வார்கள். விழித்திரைக்கு வலி தெரியாது, கெட்டுப்போனது மணிக்கணக்கு கழித்துத்தான் தெரியவரும்.

நம் பக்கம் அடுத்தது 2031 மே 21, தேனி, மதுரை வழியாக, மத்தியானம் ஒரு மணி வாக்கில். சூரியன் உச்சிக்குக் கிட்டத்தில் இருக்கும், ஜன்னல் ஓட்டை உதவாது, மரத்தடிதான். தங்கச்சி மகளுக்கு அப்போது 11 வயது. இப்போதே மாமா கூட்டிப்போகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் அம்மாவும் வருகிறாளாம், இந்தத் தடவை வெளியே நின்று பார்க்க.