கொலம்போ ஒரே வேடமா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

‘கொலம்போ’ என்ற அமெரிக்கத் துப்பறியும் தொலைக்காட்சித் தொடரில் பத்துப் பாகங்கள் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் அதே கசங்கிய மழைக்கோட்டு, அதே சுருட்டு, அதே தலைசொறிதல். போலீஸ் துப்பறிவாளர் கொலம்போவாக வரும் பீட்டர் ஃபால்க்கை மாபெரும் நடிகர் என்கிறார்கள். ஒரே வேடத்தில் மாட்டிக்கொண்டவர் என்றுதான் எனக்குப் படுகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்,

அதே ஆளாக அவர் தொடங்கவில்லை. ஃபால்க் கொலம்போவாக நடித்த முதல் படமான ‘பிரிஸ்க்ரிப்ஷன்: மர்டர்’ (1968) பாருங்கள். தலை படிய வாரியிருக்கும், பேச்சில் கறார். கொலைக்குத் துணைபோன பெண்ணிடம் கத்தவே செய்கிறார். 1971ல் தொடராக வந்தபோது அந்தக் கோபத்தைக் கழற்றி வைத்துவிட்டார். அதன் பலன் 1973ல் தெரிந்தது. ‘எ ஸ்டிச் இன் க்ரைம்’ பாகத்தில் லியோனார்ட் நிமாய் அறுவைசிகிச்சை டாக்டர். அவர் ஏளனமாகச் சிரிக்கும்போது கொலம்போ குடுவையை மேஜைமேல் ஓங்கி அடித்து வைக்கிறார். நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. இத்தனை பாகங்களாகக் குரலே உயர்த்தாத ஆள் அல்லவா!

இந்தத் தொடரில் கொலையாளி யார் என்பது முதலிலேயே தெரிந்துவிடும். கொலம்போ பல பாகங்களில் கால் மணி நேரம் கழித்துத்தான் வருவார். மர்மம் இல்லாததால் அவருக்கு எப்போது சந்தேகம் தட்டியது என்பதே நம்மைப் பிடித்து வைக்கிறது. வசனம் அதைச் சொல்லாது. ஃபால்க்கும் லேசில் காட்டமாட்டார். செருப்பு என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருப்பார். கதவுவரை போய்த் திரும்பி ‘இன்னும் ஒரே ஒரு விஷயம்’ என்பதும் வெறும் முத்திரை வசனம் இல்லை. ஆள் தொலைந்தான் என்று எதிராளி மூச்சுவிட்டு, முகம் தளர்ந்த நொடியில் கேள்வி விழுகிறது. அந்த அரை நொடித் தாமதத்தைக் கணக்காகச் செய்வது சுலபமில்லை.

தலையைச் சாய்த்துப் பார்ப்பதை ஸ்டைல் என்று நினைக்காதீர்கள். மூன்று வயதில் புற்றுநோயால் ஃபால்க்கின் வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். அது கண்ணாடிக் கண்.

மாட்டிக்கொண்டார் என்பதையும் ஏற்க முடியவில்லை. கனெக்டிகட் மாநில பட்ஜெட் அலுவலக வேலையை விட்டுவிட்டு நடிக்க வந்தவர். கொலம்போவுக்கு முன்பே 1960, 61 படங்களுக்கு அடுத்தடுத்து இரண்டு ஆஸ்கர் பரிந்துரைகள். என்பிசி தொலைக்காட்சி ஒரே ஒளிபரப்பு நேரத்தில் சில தொடர்களை மாற்றி மாற்றிப் போட்டதால் வருடத்துக்கு அதிகபட்சம் எட்டுப் பாகங்கள்தான். மிச்ச நேரத்தில் இயக்குநர் ஜான் கசாவெட்டிஸின் ‘எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்’ (1974) படத்தில் நடித்தார். அதில் மனைவியை அறையும், ஊரைக் கூட்டிக் கத்தும் மேஸ்திரி. கொலம்போவின் நிழல்கூட இல்லை.

நீங்கள் பார்த்தவை 1989 முதல் ஏபிசி தொலைக்காட்சியில் வந்த 24 பாகங்களில் சில என்றால் உங்கள் புகார் பாதி நியாயம். நேரம் நீண்டு, சேஷ்டைகள் கூடிவிட்டன. ‘நோ டைம் டு டை’ (1992) கடத்தல் கதை. மல்லுக்கட்ட எதிராளி இல்லாததால் சாதாரண போலீஸ்காரராகிவிடுகிறார். முதல் மூன்று பருவங்களின் 23 பாகங்களைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஸ்பீல்பெர்க் இளைஞராக இயக்கிய ‘மர்டர் பை தி புக்’கும் (1971) அதில் உண்டு.